சமன்பாடு பரிணாமத்தை முன்கூட்டியே சொல்லுமா?

"வெளிச்சத்தை உணரும் ஒரு தோல் திட்டிலிருந்து மீனின் கண் உருவாக 3,64,000 தலைமுறை போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்களாம். கண்ணுக்கு எப்படிச் சமன்பாடு எழுத முடியும்? விடை தெரிந்த பிறகு அதற்கு ஏற்ற மாதிரி கணக்கை ஜோடிக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஓர் உயிரினம் சூழலுக்கு ஏற்ப எவ்வளவு வேகமாக மாறும் என்று கணக்கிட முடியுமா என்பது ஒன்று. அது என்னவாக மாறும் என்று சொல்ல முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் முடியும் என்பேன். இரண்டாவதற்குப் பெரும்பாலும் முடியாது என்பேன், சில முக்கியமான விதிவிலக்குகளோடு. நுண்ணுயிர்கள் மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறன் பெறுவதைக் கணக்கிடும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இருப்பதிலேயே எளிய கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு குடுவையில் ஆயிரம் பாக்டீரியாக்கள். 999 பழைய வகை, ஒன்று புதிய வகை. புதியது ஒவ்வொரு தலைமுறையிலும் பழையதைவிட ஒரு சதவீதம் கூடுதலாகப் பெருகுகிறது. அவ்வளவுதான் சங்கதி. புதியதற்கும் பழையதற்கும் உள்ள விகிதத்தை ஒவ்வொரு தலைமுறையும் 1.01 ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். 1-க்கு 999 என்று தொடங்கிய விகிதம் 999-க்கு 1 என்று தலைகீழாக மாற, ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு ஏற வேண்டும். அதற்கு 1,388 தலைமுறை ஆகும். அந்த ஏற்றம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் 400 தலைமுறை கழிந்த பிறகும் புதிய வகை நூற்றுக்கு ஐந்துதான் இருக்கும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அப்புறம் நூற்றுக்குப் பத்திலிருந்து தொண்ணூறுக்கு ஏற 442 தலைமுறைதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காமல் கிடந்து திடீரென்று எல்லாம் மாறியதுபோலத் தெரியும். உண்மையில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அதே ஒரு சதவீதம்தான் வேலை செய்தது. இந்த வளைவை முதன்முதலில் கையால் வரைந்து பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் 1848-இல் ஒரு கறுப்பு அந்துப்பூச்சி பதிவானது. அந்த இனம் வழக்கமாக வெளிர் நிறம். புகை படிந்து மரங்கள் கறுத்துப்போன அந்த நூற்றாண்டின் முடிவில் அங்கே கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. இவ்வளவு குறைந்த காலத்தில் இது நடக்க, கறுப்புப் பூச்சிக்கு எவ்வளவு அனுகூலம் இருந்திருக்க வேண்டும்? மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1924-இல் கணக்கிட்டபோது, வெளிர் நிறப் பூச்சியைப்போல ஒன்றரை மடங்கு சந்ததியைக் கறுப்பு விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்று வந்தது. இயற்கைத் தேர்வு மிக மெல்லியது, கண்ணுக்கே தெரியாதது என்று நினைத்திருந்த காலத்தில் அது பெரிய எண். பறவைகள் இந்தப் பூச்சிகளை நிறம் பார்த்துப் பிடிக்கின்றன என்பதற்கான களச் சோதனைகள் 1950-களில்தான் வந்தன. அவற்றின் முறை பற்றி நிறைய விவாதம் நடந்தது. பின்னால் இன்னும் கவனமாகச் செய்த சோதனைகளும் வலுவான தேர்வையே காட்டின. கணக்கு முதலில், சோதனை பிறகு என்ற வரிசையைக் கவனியுங்கள்.

இதுவரை சொன்னதில் ஒரு பொய்யை ஒளித்து வைத்திருக்கிறேன். அந்த ஒற்றைப் புதிய பாக்டீரியா கட்டாயம் பிழைத்துப் பெருகும் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி ஒன்றும் கிடையாது. ஒன்றே ஒன்று இருக்கும்போது அதன் கதியைத் தகுதி மட்டும் தீர்மானிப்பதில்லை, தற்செயலும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அனுகூலம் சிறியதாக இருந்தால், மரபணுவில் நேரும் ஒரு நல்ல திடீர்மாற்றம் நிலைபெறும் வாய்ப்பு அந்த அனுகூலத்தைப்போல இரண்டு மடங்கு என்று ஹால்டேன் 1927-இல் காட்டினார். ஒரு சதவீத அனுகூலம் என்றால் நிலைபெற இரண்டு சதவீத வாய்ப்பு. அதாவது நல்ல மாற்றங்களே நூற்றில் தொண்ணூற்றெட்டு தடம் தெரியாமல் அழிந்துபோகின்றன. என்னிடம் படிக்க வருபவர்கள் நம்ப மறுக்கும் முதல் விஷயம் இதுதான். 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற வாசகத்தைக் கேட்டுக் கேட்டு, தகுதி இருந்தால் பிழைப்பது உறுதி என்று மனதில் பதிந்துவிடுகிறது. அதனால்தான் கூட்டத்தின் அளவு இவ்வளவு முக்கியமாகிறது. கோடிக்கணக்கில் இருக்கும் கூட்டத்தில் அதே நல்ல மாற்றம் திரும்பத் திரும்பத் தோன்றும், என்றாவது ஒரு முறை ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் பேர் கொண்ட கூட்டத்துக்கு அந்த வசதி இல்லை.

சரி, கண்ணுக்கு வருவோம். கண், அலகு, உயரம் போன்றவை ஒரு மரபணுவால் ஆனவை அல்ல. ஒவ்வொரு மரபணுவையும் தொடராமல் பண்பின் சராசரியை மட்டும் தொடர்வதற்கு, பயிர், கால்நடை வளர்ப்பிலிருந்து வந்த ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. பிழைத்து இனம் பெருக்கியவற்றின் சராசரி, மொத்தக் கூட்டத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பண்பில் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பரம்பரையாக வருகிறது என்ற பின்னத்தால் அதைப் பெருக்குங்கள். அடுத்த தலைமுறை அவ்வளவு தூரம் நகரும்.

கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் குழு 1973 முதல் ஃபிஞ்ச் குருவிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அளந்து வந்தது. 1977-இல் கடும் வறட்சி. சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்துபோய், கடினமான பெரிய விதைகளே எஞ்சின. நடுத்தரத் தரை ஃபிஞ்ச் வகையில் ஏழில் ஒன்று அளவுக்குத்தான் பிழைத்தது. பிழைத்தவற்றின் அலகு, முந்தைய சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் பருமன். அலகின் பருமனில் உள்ள வேறுபாட்டில் முக்கால் பங்குக்கு மேல் பரம்பரை என்று பெற்றோர், குஞ்சு அளவுகளிலிருந்து முன்பே தெரிந்திருந்தது. இரண்டையும் பெருக்கினால் அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் குறைவாக வருகிறது. மறுதலைமுறையை அளந்தபோது அலகு ஏறத்தாழ 4 சதவீதம் பருத்திருந்தது. சூத்திரம் சொன்ன இடத்துக்கு வெகு அருகில் அந்த அளவு விழுகிறது. சூத்திரத்துக்குள் போட்ட இரண்டு எண்களும் விடையைப் பார்த்துத் தேர்ந்தவை அல்ல, தனியாக அளந்தவை. உங்கள் 'ஜோடிக்கிறார்களா' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

நீங்கள் படித்த கண் கணக்கு டான்-எரிக் நில்சன், சூசன் பெல்கர் இருவரும் 1994-இல் வெளியிட்டது. இதைக் கணினியில் கண்ணை வளர்த்துக் காட்டினார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தவறு, கணினிப் பரிணாமம் எதுவும் அதில் நடக்கவில்லை. அவர்கள் ஒரு தட்டையான திட்டில் தொடங்கி, குழிந்து, வாய் சுருங்கி, உள்ளே வில்லை உருவாகும் வரையிலான வடிவங்களை வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொரு மாற்றமும் பார்வையின் கூர்மையைக் கூட்டுகிறதா என்று ஒளியியல் கணக்கால் சரிபார்த்தார்கள். மொத்தப் பாதையையும் ஒரு சதவீத மாற்றங்களாக வெட்டியபோது 1,829 படிகள் வந்தன. 1.01-ஐ 1,829 முறை பெருக்கினால் ஏறத்தாழ எட்டுக் கோடி. அடுத்தது வேகம். பண்பில் உள்ள வேறுபாடு ஒரு சதவீதம், பரம்பரைப் பங்கு பாதி, தேர்வின் வலு 0.01 (பிழைத்தவற்றின் சராசரி அந்த வேறுபாட்டில் நூறில் ஒரு பங்கே விலகுகிறது) என்று வேண்டுமென்றே கஞ்சத்தனமான எண்களை எடுத்தார்கள். மூன்றையும் பெருக்கினால் ஒரு தலைமுறைக்கு 0.00005 மாற்றம். அதாவது 1.00005-ஐ எத்தனை முறை பெருக்கினால் எட்டுக் கோடி வரும்? 3,64,000 முறை. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம், மடக்கை தெரிந்தால் ஒரு நிமிட வேலை.

இந்தக் கணக்கு எதை நிறுவுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். கண் இப்படித்தான், இத்தனை தலைமுறையில்தான் உருவானது என்று இது நிறுவவில்லை. ஒளியை உணரும் செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. தேர்வு லட்சக்கணக்கான தலைமுறைகளுக்கு ஒரே திசையில் இழுக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. தேவையான மரபு வேறுபாடு தீராமல் வந்துகொண்டே இருக்கும் என்றும் எடுத்துக்கொள்கிறது. கடைசி இரண்டும் எனக்கு உறுத்தலானவை. இந்தக் கணக்கு உடைப்பது ஒரே ஒரு மறுப்பை: 'கண் உருவாகப் போதிய காலமே இருந்திருக்காது' என்பதை. விலங்குகள் தோன்றி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அனுமானங்கள் நூறு மடங்கு பிசகினாலும் காலம் போதும். அந்த அளவுக்கு அது வலுவானது, அதற்கு மேல் அதை இழுக்கக் கூடாது.

இனி இரண்டாவது கேள்வி: என்னவாக மாறும் என்று சொல்ல முடியுமா? இங்கே ரொனால்ட் ஃபிஷர் 1930-இல் வைத்த ஒரு வடிவியல் படம் உதவும். ஓர் உருண்டையின் மேற்பரப்பில் நிற்கிறீர்கள், மையம்தான் மிகப் பொருத்தமான நிலை. ஒரு திடீர்மாற்றம் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு திசையில் எடுத்துவைக்கும் அடி. மிகச் சிறிய அடி என்றால் மையத்தை நெருங்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அடி பெரிதாகப் பெரிதாக வாய்ப்பு சரிகிறது, உருண்டையின் விட்டத்தைத் தாண்டினால் பூஜ்யம். உயிரினத்தில் மாறக்கூடிய பண்புகள் கூடக்கூட இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாகிறது. ஆகவே சிறிய மாற்றங்களே தகவமைப்பின் மூலப்பொருள் என்றார் ஃபிஷர். பல பத்தாண்டுகள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மோட்டோ கிமுரா 1983-இல் ஓர் ஓட்டையைக் காட்டினார். சிறிய மாற்றம் நல்லதாக இருக்கும் வாய்ப்பு அதிகம்தான், ஆனால் முன்பு பார்த்தோமே, அனுகூலம் சிறியது என்றால் அது தற்செயலில் அழிந்துபோகும் வாய்ப்பும் அதிகம். இரண்டையும் சேர்த்தால் வெல்வது நடுத்தர அளவு. அப்புறம் ஆலன் ஓர் 1998-இல், ஒரு மாற்றத்தோடு நிறுத்தாமல் இலக்கை நோக்கிய முழு நடையையும் கணக்கிட்டார். முதலில் ஓரிரு பெரிய அடிகள், போகப்போகச் சிறிய அடிகள் என்ற ஒழுங்கு வந்தது. மூவரும் எடுத்துக்கொண்ட படம் ஒன்றே. எந்தக் காரணியைச் சேர்க்க மறந்தோம் என்பதில்தான் முடிவு மாறியது. கணித மாதிரியின் பலமும் ஆபத்தும் அதுவே.

இதைச் சோதிக்க நல்ல இடம் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் தொடங்கிய சோதனை. ஒரே மூதாதையிலிருந்து வந்த ஈ. கோலை பாக்டீரியா, பன்னிரண்டு குடுவைகள். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதிய ஊட்டக் கரைசலில் விடுவார்கள், நாளொன்றுக்கு ஆறு, ஏழு தலைமுறை ஓடும். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறையவைத்துவிடுவதால் பழைய மூதாதையை உயிரோடு எழுப்பிப் பேரனோடு போட்டியிடச் செய்யலாம். ஆரம்பத்தில் வேகமாக ஏறிய வளர்ச்சித் திறன் பிறகு மெதுவானது. ஓர் எல்லையில் நின்றுவிடும் என்ற வளைவும், மெதுவாகிக்கொண்டே முடிவில்லாமல் ஏறும் என்ற வளைவும் தொடக்கத் தரவுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி பொருந்தின. முதல் 20,000 தலைமுறைத் தரவை மட்டும் கொடுத்து மீதியைக் கணிக்கச் சொன்னபோதுதான் வேறுபாடு வெளிவந்தது. 50,000 வரை நடந்ததை இரண்டாவது வளைவு சரியாகத் தொட்டது, முதலாவது கீழே நின்றுவிட்டது. அந்த முடிவு 2013-இல் வெளியானது. ஆனால் அதே சோதனையில், 31,000 தலைமுறைகளைத் தாண்டியபோது, ஒரே ஒரு குடுவையில் மட்டும் பாக்டீரியா கரைசலில் இருந்த சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உணவாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ. கோலையால் சாதாரணமாக அது முடியாது. எந்தச் சமன்பாடும் அதைச் சொல்லவில்லை. மற்ற பதினொன்றிலும் அது நடக்கவும் இல்லை.

என்னவாக மாறும் என்பதையும் ஓரளவு சொல்ல முடிகிற இடம் ஒன்று உண்டு: கூட்டம் மிகப் பெரியதாகவும் தப்பிக்கும் வழிகள் எண்ணக்கூடியதாகவும் இருக்கும்போது. எச்.ஐ.வி. அதற்குச் சிறந்த உதாரணம். சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கோடி வைரஸ்கள் உற்பத்தியாகின்றன என்று ஆலன் பெரல்சன் குழு 1996-இல் கணக்கிட்டது. நகலெடுக்கும்போது மரபுக் குறியீட்டின் ஓர் எழுத்தில் பிழை விழும் வாய்ப்பு ஏறத்தாழ லட்சத்தில் மூன்று. ஒரு மருந்திலிருந்து தப்ப ஓர் எழுத்து மாறினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: அந்த மாற்றம் தினமும் மூன்று லட்சம் முறை தோன்றும். நோயாளி முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே அதிலிருந்து தப்பிய வைரஸ் உள்ளே காத்திருக்கிறது. இரண்டு மருந்துகளில் தப்ப இரண்டு எழுத்துகள் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்றால், நாளுக்கு ஒன்பது முறை. மூன்று என்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை. இது தோராயக் கணக்குதான். வைரஸ்கள் தங்களுக்குள் மரபுப் பொருளைக் கலந்துகொள்கின்றன, உற்பத்தியாகும் எல்லா வைரஸும் புதிய செல்லைத் தொற்றுவதில்லை, மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர இடம் கிடைத்துவிடும். இருந்தாலும் ஒற்றை மருந்து ஏன் தோற்றது, மும்மருந்துக் கூட்டு ஏன் நிலைத்தது என்பதை இந்த மூன்று வரிப் பெருக்கல் சொல்லிவிடுகிறது. என் துறையில் மனிதர்களின் ஆயுளைக் கூட்டிய கணக்கு எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

பாதைகளையும் சில சமயம் எண்ணிவிடலாம். ஒரு பாக்டீரிய நொதியில் ஐந்து திடீர்மாற்றங்கள் சேர்ந்தால் ஒரு நுண்ணுயிர்க்கொல்லிக்கு எதிரான திறன் லட்சம் மடங்கு ஏறுகிறது. ஐந்தையும் சேர்க்க 120 வரிசைகள் சாத்தியம். டேனியல் வைன்ரைக் குழு 2006-இல் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு அடியிலும் திறன் ஏறிக்கொண்டே போகும் வரிசைகள் 18 மட்டுமே இருந்தன. மீதி 102-ம் நடுவில் எங்கோ சறுக்குகின்றன. எது நடக்கும் என்று ஒற்றை விரலை நீட்ட முடியவில்லை, ஆனால் நடக்காதவற்றில் பெரும்பகுதியைக் கழித்துவிட முடிந்தது.

எனக்கு உறுதி இல்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சமன்பாடுகள் எதற்குள்ளும் நாளைய சூழல் இல்லை. 1977-இல் பெரிய அலகுக்குச் சாதகமாக இருந்த அதே டாஃப்னே தீவில், 1982-83 எல் நினோ மழை கொட்டிச் சிறு விதைகள் பெருகியதும், தேர்வு சிறிய அலகின் பக்கம் திரும்பியது. ஒரு தலைமுறையைச் சரியாகக் கணித்த சூத்திரம் பத்துத் தலைமுறைக்குப் பயன்படாமல் போவது இதனால்தான். தகுதியை மலையும் பள்ளத்தாக்குமாக வரையும் படத்தையும் நான் இப்போது ஜாக்கிரதையாகவே பயன்படுத்துகிறேன். சூவல் ரைட் 1932-இல் தந்த அழகான படம் அது. ஆனால் இரண்டு பரிமாணத்தில் கடக்க முடியாத பள்ளமாகத் தெரிவது, ஆயிரம் பரிமாணங்களில் பக்கவாட்டில் சுற்றிப் போகக்கூடியதாக இருக்கலாம். எவ்வளவு அடிக்கடி அப்படி இருக்கிறது என்பதில் துறைக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

நீங்கள் சந்தேகப்பட்ட தவறை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எதிர்ப்புத் திறன் தரவு ஒன்றுக்கு ஆறு அளபுருக்கள் (நாமே மதிப்பு கொடுக்க வேண்டிய எண்கள்) கொண்ட கணித மாதிரியைப் பொருத்தினேன். வளைவு புள்ளிகள்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. பெருமையோடு காட்டியபோது உடன் வேலை செய்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஆறில் எத்தனையை வேறு சோதனையில் அளந்தீர்கள்?" ஒன்றுகூட இல்லை. அடுத்த தொகுதித் தரவு வந்ததும் அந்த வளைவு எங்கோ போனது. அன்றிலிருந்து எந்த மாதிரியைப் பார்த்தாலும் எண்கள் எங்கிருந்து வந்தன, எந்த முடிவு வந்திருந்தால் இது தவறு என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்ற இரண்டையும் முதலில் தேடுகிறேன். கண் கணக்கையும் அப்படிப் பாருங்கள். அதன் வடிவ வரிசை ஆசிரியர்கள் தேர்ந்தது, அந்த அளவுக்கு உங்கள் சந்தேகம் சரி. ஆனால் அந்த வரிசையில் ஓர் இடத்திலாவது பார்வை மங்கியிருந்தால் முழுக் கணக்கும் அங்கேயே விழுந்திருக்கும். அது விழுவதற்கு இடம் இருந்தது.

நீங்களே தொட்டுப் பார்க்க விரும்பினால் கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதுங்கள். ஒற்றைப் புதிய பாக்டீரியாவில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் சராசரி 1.01 சந்ததி என்று தற்செயலாக எண்களை எடுத்து ஓட்டுங்கள். முதல் சில தலைமுறைகளிலேயே பெரும்பாலான ஓட்டங்கள் பூஜ்யத்தில் முடிந்துவிடும். நிரலில் பிழை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். நூறு முறை ஓட்டினால் ஓரிரண்டு முறைதான் அது பிழைத்து மேலே ஏறும்.